வாடைக்குச் சட்டை போட முடியுமா?

இந்தப் பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து என் மச்சான் மகன் வந்திருந்தான். பெட்டியைத் திறந்து அத்தைக்கு முழங்கால் வலித் தைலம், எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்று எடுத்து வைத்தவன், கடைசியில் அடியிலிருந்து ஒரு சட்டையும் கால்சட்டையும் எடுத்தான். காய்ந்த சருகு நிறம், அதன்மேல் கிளையும் பட்டையுமாக அச்சிட்ட துணி. நல்ல கனம்.

"என்னடா இது, பட்டாளத்துத் துணியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, மான் வேட்டைக்குப் போடுறது. அங்க சீசன்ல லைசென்ஸ் வாங்கிட்டுப் போவோம். இதப் போட்டா நம்ம வாடை மானுக்குத் தெரியாது. உள்ள கார்பன் இருக்கு. நம்ம ஊர்த் தறிக்காரங்ககிட்ட காட்டலாம்னு கொண்டாந்தேன். இந்த மாதிரித் துணி நெய்ய முடிஞ்சா எவ்ளோ பெரிய மார்க்கெட் தெரியுமா?"

விலையைக் கேட்டேன். மேலும் கீழுமாகச் சேர்த்து ஐந்நூறு டாலருக்கு மேல் என்றான். என் மாமனார் வீட்டில் நான்கு தறி ஓடிய காலத்தில் அந்தப் பணத்துக்கு வீடு நிறையப் பாவு போட்டிருப்பார்கள். நான் சிரித்துவிட்டேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அன்று தொடங்கிய வாக்குவாதம் அவன் விமானம் ஏறும் வரை ஓயவில்லை, தொலைபேசியில் இன்னும் நடக்கிறது. அவன் பக்கத்தை நான் பலமுறை கேட்டுவிட்டேன். என் பக்கத்தை முழுசாக எழுதிவிடலாம் என்றுதான் இன்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வேட்டை தெரியாது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே அரசு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து மேல்நிலை எழுத்தராக ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான அம்மையார்குப்பத்துக்கு வந்து சேர்ந்தேன். துப்பாக்கியைத் தொட்டது கூட இல்லை. நம் நாட்டில் 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம் என்பதால் தொட வேண்டிய அவசியமும் வரவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு விஷயம் தெரியும். "இது பலன் தருகிறது" என்று ஒருவர் குறிப்பு எழுதினால், "ஆதாரம் எந்தப் பக்கத்தில்?" என்று ஓரத்தில் எழுதிக் கேட்கத் தெரியும். அந்த ஒரே தகுதியில்தான் பேசுகிறேன்.

பள்ளியில் எங்களுக்கு அல்ஃபோன்ஸ் தோதே 1872இல் எழுதிய தார்த்தரேன் கதை பாடமாக இருந்தது. தாராஸ்கோன் என்கிற ஊரில் எல்லோரும் வேட்டைக்காரர்கள். ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு கிழட்டு முயலைத் தவிர எதுவும் மிச்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியும் பையுமாகக் கிளம்பிப் போவார்கள், மர நிழலில் வயிறாரச் சாப்பிடுவார்கள், பிறகு தலையிலிருக்கும் தொப்பியை வானத்தில் வீசி அதையே சுடுவார்கள். யார் தொப்பியில் ஓட்டை அதிகமோ அவரே அன்றைய ராஜா. இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்த ஊர்த் தொப்பிக் கடையில், குறி தவறுகிறவர்களுக்காக, ஏற்கெனவே ஓட்டை போட்ட தொப்பியையும் விற்பார்கள்! மருந்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும் அதை வாங்குவார்.

வாத்தியார் சிரிக்காமல் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "வேட்டையில் மிருகம் தப்பலாம், கடைக்காரன் குறி மட்டும் தப்பாது." அறுபது வருஷம் கழித்து, சருகு நிறச் சட்டையைக் கையில் பிடித்தபோது அவர் குரல்தான் கேட்டது.

அன்று மாலையே மச்சானின் நிலக்கடலைக் கொல்லைக்குப் போனோம். பள்ளிப்பட்டு பக்கம், மலையடிவாரத்தில், ஒன்றரை ஏக்கர். மார்கழியில் விதைத்தது. கொல்லையைச் சுற்றிலும் கயிறு கட்டிப் பழைய சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள். என் மனைவியின் சேலைகள் இரண்டு அங்கே காற்றில் ஆடுவதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். வரப்போரம் சலூனிலிருந்து மூட்டையில் வாங்கி வந்த தலைமுடி. மூலைக்கு மூலை பாட்டிலில் ஏதோ கரைசல்.

"எதுக்கு மச்சான் இதெல்லாம்?"

"காட்டுப் பன்னி மாப்ள. மனுஷ வாடை அடிச்சா கிட்ட வராதுன்றாங்க."

எனக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போலிருந்தது. மகன் ஐந்நூறு டாலர் கொடுத்து மனுஷ வாடையை மறைக்கிறான். அப்பா ஊரெல்லாம் அலைந்து மனுஷ வாடையைச் சேகரித்துத் தொங்கவிடுகிறார். இருவருக்கும் யாரோ ஒரு கடைக்காரர் "நூறு சதவீதம் பலன்" என்று சொல்லியிருக்கிறார். ஆனால் சிரிப்பதற்கில்லை என்பது மாசி மாதத்தில் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மகனின் சட்டை.

அந்தச் சட்டையின் தத்துவம் இது. நம் உடம்பிலிருந்து வியர்வை வருகிறது. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாடையை உண்டாக்குகின்றன. துணிக்குள் தூளாக்கிய கிளர்வூட்டிய கரி இருக்கிறது. அந்தக் கரி வாடை மூலக்கூறுகளைத் தன் மேல் ஒட்ட வைத்துக்கொள்ளும், வெளியே விடாது.

இதில் பொய் இல்லை. கிளர்வூட்டிய கரி நமக்குப் புதிதும் இல்லை. காங்கயம் பக்கம் தேங்காய்த் தொட்டியைச் சுட்டு அதைத் தயாரித்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருப்பதும் அதுதான். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளில் அடைத்ததும் அதுதான். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்துப் போட்டால் ஐந்நூறு சதுர மீட்டரைத் தாண்டும். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கு மேல். அவ்வளவு இடம் இருப்பதால்தான் அவ்வளவு வாடையை வாங்கிக்கொள்கிறது.

ஆனால் இடம் எவ்வளவு இருந்தாலும் ஒருநாள் நிரம்பும். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு எத்தனை சத்திரம் கட்டினாலும் இரண்டாம் நாள் படுக்க இடம் இருக்காது. கரி நிரம்பிவிட்டால் என்ன செய்வது? மச்சான் மகன் சொன்னான்: "துணி காயவைக்கிற மெஷின்ல போட்டு எடுத்தா மறுபடி புதுசாயிடும் மாமா."

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கரியைக் கிளர்வூட்டுவதற்கு ஆலைகளில் எண்ணூறு டிகிரிக்கு மேல் சூடான நீராவியைச் செலுத்துகிறார்கள். நிரம்பிய கரியை முழுமையாக மீட்பதற்கும் ஏறக்குறைய அதே சூடு வேண்டும். வீட்டு மெஷினின் சூடு ஏறக்குறைய எழுபது டிகிரி. எண்ணூறு டிகிரியில் செய்கிற வேலையை எழுபது டிகிரியில் செய்வது எப்படி? எண்ணூறு டிகிரி சூட்டில் போட்டால் சட்டை எங்கே, சட்டைக்குள் போகிற ஆள் எங்கே? சுலபமாக ஆவியாகும் சில வாடைகள் அந்த எழுபதிலும் போகலாம், மறுக்கவில்லை. ஆனால் "புதுசாயிடும்" என்பது வேறு, "கொஞ்சம் தேவலை" என்பது வேறு.

இன்னொன்று. சட்டை உடம்பை மூடுகிறது, ஆளை மூடவில்லை. மூச்சு வாய் வழியாக வெளியே போகிறது. கழுத்துப் பட்டை வழியாக ஒவ்வொரு அசைவுக்கும் காற்று பம்பு அடித்தது போல் வெளியேறுகிறது. கை, முகம், தலைமுடி, பூட்ஸ், துப்பாக்கி எண்ணெய், வரும் வழியில் போட்ட பெட்ரோல். தோலிலிருந்து நிமிடத்துக்குப் பல்லாயிரம் நுண்செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. குடத்தின் நடுவில் ஈயம் பூசிவிட்டு அடியில் ஓட்டையை விட்ட கதை.

"தத்துவம் பேசாதீங்க மாமா, சோதனை பண்ணாங்களா சொல்லுங்க" என்றான். நியாயமான கேள்வி. பண்ணியிருக்கிறார்கள். அமெரிக்க விவசாயத் துறையின் வனவிலங்கு ஆய்வாளர் ஒருவர் ஆட்களை ஒளித்துவைத்து, பயிற்சி பெற்ற தேடும் நாய்களை விட்டுப் பார்த்தார். சிலருக்குக் கரிச் சட்டை, சிலருக்குச் சாதாரண உடை. 2002இல் முடிவை வெளியிட்டார். நாய்கள் ஏறக்குறைய எல்லோரையும் கண்டுபிடித்துவிட்டன. கரிச் சட்டை போட்டதால் சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. வித்தியாசம் உண்டாக்கியது வானிலைதான்.

அவன் விடவில்லை. "நாய் வேற, மான் வேற மாமா." சரி. ஆனால் மானை வைத்துச் சோதித்து நிரூபிக்க வேண்டியது யார்? ஐந்நூறு டாலர் வாங்கியவரா, பென்ஷன் வாங்குகிற நானா? ஒருவர் பயணப்படி கேட்டு மனு கொடுத்தால் ரசீது வைக்க வேண்டியது மனுதாரர். "நான் பயணம் செய்யவில்லை என்று நீங்கள் நிரூபியுங்கள்" என்று எழுத்தரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது. 2007இல் மின்னசோட்டா மாநிலத்தில் சில வேட்டைக்காரர்களே சேர்ந்து வழக்குப் போட்டார்கள், எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று. 2010இல் கூட்டாட்சி நீதிபதி, வாடையை "ஒழிக்கும்" என்ற விளம்பரமும், மெஷினில் போட்டால் கரி புத்துயிர் பெறும் என்ற விளம்பரமும் பொய் என்று தீர்ப்பளித்தார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. "ஒழிக்கும்" என்றால் கடைசித் துளி வரை ஒழிக்கும் என்று வாங்குகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது மாதிரி ஒரு வாதம்.

மேல்முறையீட்டில் கம்பெனிக்குத்தான் சாதகம். அதை மறைக்க மாட்டேன், மறைத்தால் நானும் சட்டை விற்பவனாகிவிடுவேன். ஆனால் நன்றாகப் பாருங்கள். சட்டை வென்றது எப்படி? வாடையை ஒழித்துக் காட்டி அல்ல. "ஒழிக்கும் என்றால் ஒழிக்கும் என்று அர்த்தம் இல்லை" என்று காட்டித்தான். ஒரு சொல்லுக்கு அகராதி பார்த்து ஜெயிப்பது எங்கள் அலுவலகத்திலும் நடக்கும். ஆனால் மானுக்கு அகராதி தெரியாதே!

அவனுடைய கடைசி ஆயுதம் எல்லோரும் கடைசியில் எடுக்கிற ஆயுதம்தான். "மாமா, நான் இதப் போட்டுட்டுப் போயி மூணு மான் அடிச்சிருக்கேன்."

இதற்கு ஒரு பழைய கதை சொன்னேன். எங்கள் பிரிவில் ஒருவர் இருந்தார். தணிக்கை வரும் மாதம் வந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சிவப்புத் துணியில் கட்டிக் கோப்பு அலமாரியின் உள்பக்கம் தொங்கவிடுவார். நான்கு வருஷம் ஆட்சேபணையே வரவில்லை. பழத்தின் மகிமை என்று மற்ற பிரிவுகளிலும் தொங்க ஆரம்பித்தது. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். பழம் கட்டுகிற அன்றே அவர் உட்கார்ந்து ரசீதுகளையெல்லாம் தேதி வாரியாக அடுக்குவார், கூட்டலை இருமுறை போடுவார், விட்டுப்போன கையெழுத்துகளை வாங்குவார். அவரைப் பார்த்துப் பழம் மட்டும் கட்டிய ஒருவருக்கு அந்த வருஷமே சம்பளத்தில் பிடித்தம் வந்தது.

ஐந்நூறு டாலர் கொடுத்தவன் சட்டையை மட்டுமா போடுகிறான்? வாசனையில்லாத சோப்பில் குளிக்கிறான், சிகரெட்டை விடுகிறான், விடியலுக்கு முன்னே போய் அசையாமல் உட்காருகிறான், காற்று பார்த்து மரம் ஏறுகிறான். மான் கிடைக்கிறது. பெயர் சட்டைக்குப் போகிறது. சட்டை போட்டும் மான் ஓடிப்போன நாள்களை எண்ணினாயா என்று கேட்டேன். எண்ணவில்லை. யாரும் எண்ணுவதில்லை.

காற்று என்றதும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். நான் கல்யாணமான புதிதில் இந்த ஊருக்கு வரும்போது, மாமனார் வீட்டுத் திண்ணையில் ஒரு கிழவர் வந்து உட்காருவார். சட்டம் வருவதற்கு முன் நகரி மலைப் பக்கம் வேட்டைக்குப் போனவர். சட்டம் வந்த பிறகு துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சட்டையே கிடையாது, மேலே ஒரு துண்டு மட்டும். "என்ன தாத்தா, உங்க வாடை மிருகத்துக்குத் தெரியாதா?" என்று நான் பட்டணத்து மாப்பிள்ளையாகக் கேட்டேன். மடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். அதில் அடுப்புச் சாம்பல். ஒரு சிட்டிகை எடுத்து மெல்ல உதிர்த்தார். சாம்பல் என் பக்கமாக வந்தது. "இப்போ நீ மானு. நான் போடற புகையில வாடை உனுக்குத் தெரியும். எழுந்து அந்தாண்ட குந்து, தெரியாது. அவ்ளோதான் வித்தை" என்றார்.

ஐந்நூறு டாலர் சட்டைக்கும் ஒரு சிட்டிகைச் சாம்பலுக்கும் நடக்கிற போட்டியில் நான் சாம்பல் கட்சி. ஜிம் கார்பெட்டும் அந்தக் கட்சிதான். ஆட்கொல்லிப் புலி மனிதனையும் மற்ற மிருகங்களைப் போலவே நினைத்து, காற்று அவன் பக்கம் வீசாத திசையிலிருந்துதான் நெருங்கும் என்று எழுதியிருக்கிறார். மனிதனுக்கு மோப்பம் கிடையாது என்பது அதற்குத் தெரியாதாம்! அதனால் காற்றடிக்கும் திசையை வைத்தே புலி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கணக்குப் போட்டு உயிர் தப்பியிருக்கிறார். வேட்டையாடுகிற புலியும் கரிச் சட்டை போடுவதில்லை. காற்றைப் பார்க்கிறது.

சரி, மகனை விட்டுவிட்டு அப்பாவிடம் வருகிறேன். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் விற்றவர்கள்மீதுதான்.

மனித வாடை அடித்தால் மிருகம் ஓடும் என்பது உண்மையானால், சென்னை ஐஐடி வளாகத்துப் புள்ளிமான்கள் எப்போதோ ஓடியிருக்க வேண்டும். பல்லாயிரம் பேர் நடமாடும் இடம் அது. விடுதிக்கு முன்னால் நின்று நிதானமாக மேய்கின்றன. என் பேத்தியைச் சேர்க்கப் போனபோது பத்தடி தூரத்தில் நின்று என்னைப் பார்த்தது ஒன்று. என் வாடை அதற்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பேருந்தில் ஐந்து மணி நேரம் வியர்த்துப் போயிருந்தேன்! தெரிந்தது, பொருட்படுத்தவில்லை. அந்த வாடைக்குப் பின்னால் அடி வருவதில்லை என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது. அதே மான் பென்சில்வேனியாவில் பிறந்திருந்தால் அந்த வாடைக்குப் பின்னால் துப்பாக்கி வருகிறது என்று கற்றிருக்கும்.

ஆக, வாடை ஒரு செய்தி. பயம் அந்தச் செய்திக்குள் இல்லை, அனுபவத்தில் இருக்கிறது. சேலை கட்டிய முதல் வாரம் பன்றி வரவில்லை. புதிதாக ஏதோ ஆடுகிறது, ஆள் வாடை அடிக்கிறது, நமக்கெதற்கு என்று போய்விட்டது. இரண்டாம் வாரம் தூரத்தில் நின்று பார்த்தது. மூன்றாம் வாரம் இந்தச் சேலைக்குள் ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டது. பன்றி முட்டாள் இல்லை. அலுவலர் நாற்காலியில் கோட்டு மட்டும் தொங்குகிறது, ஆள் டீ குடிக்கப் போய்விட்டார் என்பதை எங்கள் பியூன்கள் மூன்று நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பன்றிக்கு மூன்று வாரம் ஆகிறது.

மாசியில் காய் பிடித்த நேரம். ஒரே இரவு. காலையில் மச்சான் தொலைபேசியில் கூப்பிட்டார், குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். ஒன்றரை ஏக்கரில் முக்கால் ஏக்கர் உழுது போட்டது போல் கிடந்தது. செடியெல்லாம் வேரோடு மேலே, கடலை ஒன்றுகூட மிச்சமில்லை. தலைமுடி அப்படியே வரப்போரம் கிடந்தது. அதைத் தாண்டித்தான் வந்திருக்கின்றன. என் மனைவியின் மஞ்சள் சேலையில் ஒன்று முதுகு தேய்த்துவிட்டுப் போயிருந்தது, சேறு அப்பியிருந்தது. பாட்டில் மருந்துக்கு மட்டும் அவர் மூவாயிரத்துக்கு மேல் செலவழித்திருந்தார். கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "மழை பெஞ்சிருக்கும், மறுபடி வைக்கணும்" என்றாராம். தையிலும் மாசியிலும் இங்கே ஒரு துளி மழை இல்லை.

எனக்கு உதறல் எடுத்தது அதற்கு அடுத்த நாள். மச்சான் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் கம்பிச் சுருள் கிடந்தது. மோட்டார் கொட்டகையிலிருந்து கரன்ட் இழுத்துக் கொல்லையைச் சுற்றி விடப் போவதாகச் சொன்னார். "வாடைக்குப் பயப்படல, ஷாக்குக்குப் பயப்படும் மாப்ள" என்றார். எழுபத்தாறு வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர், இருட்டில் தானே அந்தக் கம்பியைத் தாண்டிப் போய் மோட்டார் போடுகிறவர். பக்கத்துக் கொல்லைப் பையன்கள் விடியற்காலையில் அந்த வரப்பு வழியாகத்தான் பால் எடுத்துக்கொண்டு போவார்கள்.

நான் கத்தினேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் அவரிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இப்படி ஒரு திருட்டு மின்வேலியில் மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்த படத்தை எடுத்துக் காட்டினேன். பக்கத்தில் இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. "யானைக்கே இது கதின்னா பால்காரப் பையன் என்ன ஆவான் மச்சான்? பன்னி செத்தாலும் நீங்கதான் ஜெயிலுக்குப் போவணும்" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ நான் என்னதான் பண்றது, சொல்லு" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. கம்பியை மட்டும் ஆட்டோவில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்னும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று. மகனுக்குப் போனது ஐந்நூறு டாலர், போனால் போகட்டும், அவன் சம்பாதிப்பான். அப்பாவிடம் பொய் விற்றவன் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு பருவத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாட்டிலை நம்பிப் படுத்துத் தூங்கிய இரவுகளில் காவல் போயிற்று. அது பலிக்கவில்லை என்றதும் மனிதர் நேராகக் கரன்ட் கம்பிக்குப் போனார். பலிக்காத மருந்து வெறும் தண்ணீர் இல்லை, அடுத்த தப்புக்கு அது வழிகாட்டி.

பிறகு கொஞ்சம் நிதானமானோம். ஒன்று, சேதத்தைப் படம் பிடித்து, கிராம நிர்வாக அலுவலரின் சான்று வாங்கி, வனத்துறைக்கு இழப்பீட்டு மனு போட்டோம். எழுதியது நான்தான், நகல் எடுத்து வைத்துக் கையெழுத்துடன் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். நினைவூட்டு அனுப்புவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இரண்டு, 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடுவது அவர்கள், நாம் இல்லை. நம் கொல்லை எந்தக் கணக்கில் வருகிறது என்று அளந்து சொல்லச் சொல்லித் தனியாக ஒரு மனு. மூன்று, மீதிக் கடலைக்கு அவரும் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மூவரும் முறை வைத்துப் பரண் காவல் போட்டார்கள். தகர டப்பா, டார்ச், சின்ன நெருப்பு, முக்கியமாக ஆள். அந்த முக்கால் ஏக்கர் வீட்டுக்கு வந்தது.

காவலுக்கு ஆள் இருந்தால் வாடைக்கும் மரியாதை வருகிறது, கவனித்தீர்களா? பரணில் ஆள் இருந்த பிறகு அதே சேலைகளைக் கண்டு பன்றி ஒதுங்கியது என்று மச்சான் சொல்கிறார். எந்தச் சேலைக்குப் பின்னால் டார்ச் இருக்கிறது என்று அதற்குத் தெரியாதே! வாடைக்குப் பின்னால் ஒரு விளைவு வந்தால்தான் வாடை வேலை செய்யும்.

நம் ஊருக்கு இது தெரியாத விஷயமா? திருத்தணி மலையில் வள்ளியோடு நிற்பவன் கதை என்ன? வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் ஏறிக் கவண் சுற்றிக் காவல் காத்தவள். பழஞ்சேலை கட்டிவிட்டு வீட்டில் படுத்திருந்தால் கதையே இல்லை. அவனும் மானைத் தேடி வந்த வேட்டைக்காரனாக வேஷம் போட்டுத்தான் வந்தான். வேஷம் மானுக்காக இல்லை, வள்ளிக்காக. வேட்டைக்காரன் உடுப்பு எந்தக் காலத்திலும் மனிதர்களை மயக்கத்தான் என்று நான் சொன்னால் பக்தர்கள் கோபிக்கக் கூடாது.

கடைசியாக, மச்சான் மகனுக்கு. நம் ஊர்த் தறியில் அந்தத் துணியை நெய்யலாமா என்று கேட்டாயே. நெய்யத் தெரியாதவர்கள் இல்லை இங்கே. பாவு, ஊடை எதுவானாலும் ஓட்டிக் காட்டுவார்கள். கரி கொஞ்சம் வியர்வை வாடையைக் குறைக்கும் என்பதும் எனக்குச் சம்மதம். அப்படியென்றால் அதன் மேல் ஒட்டுகிற சீட்டில் "வாடையைக் கொஞ்சம் குறைக்கும், சில நாள் மட்டும், காற்றைப் பார்த்து உட்காரவும்" என்று அச்சடிக்க உன் கம்பெனிக்காரர் சம்மதிப்பாரா, கேட்டுச் சொல். சம்மதித்தால் முதல் கெஜத்துக்கு நானே நூல் வாங்கித் தருகிறேன்.

அதுவரைக்கும் அடுத்த முறை வரும்போது உன் அப்பாவுக்கு ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கி வா. அத்தைக்கு இரண்டு சேலை பாக்கி இருக்கிறது, அதையும் மறக்காதே.